கோரமண்டல் பளபளப்பும் மீனெண்ணெய் பூசிய மரமும்

கொக்கோ ஷனேலின் பாரிஸ் வீட்டுப் புகைப்படங்களை இணையத்தில் எங்காவது பார்த்திருப்பீர்கள். சுவரே தெரியாத அளவுக்குக் கறுத்துப் பளபளக்கும் மரத் தடுப்புகள். அவற்றின் மேல் கொக்குகள், மண்டபங்கள், பூக்கள், படகில் போகிற சீனப் பெண்கள். மடக்கி வைக்கக்கூடிய இந்தத் தடுப்புகளின் மேல் அந்த அம்மாவுக்கு அப்படியொரு பித்து. அவருடைய நிறுவனம் 2007-ல் ஒரு வாசனைத் திரவியம் கொண்டுவந்தபோது அதற்கு வைத்த பெயரும் அந்தத் தடுப்புகளின் பெயர்தான்: கோரமண்டல்.

சோழமண்டலம் ஐரோப்பிய வாய்களில் புகுந்து வெளியே வந்தால் கோரமண்டல். ஆக, உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட உள்ளறை மரப்பூச்சு ஒன்றுக்கு நம்ம கடற்கரையின் பெயர். ஆனால் அதில் நம்ம ஊர் மரம் கிடையாது, நம்ம ஊர்க் கை கிடையாது, பூச்சும் நம்முடையது இல்லை. எல்லாமே சீனாவில், பெரும்பாலும் காங்சி பேரரசர் காலத்தில், அதாவது 1662 முதல் 1722 வரையிலான ஆண்டுகளில் செய்யப்பட்டவை. பொதுவாகப் பன்னிரண்டு பலகைகள். மரத்தின் மேல் களிமண் கலந்த சாந்தைப் பல தடவை பூசி, அதன் மேல் அரக்குமரத்தின் பாலைப் பூசி, இறுகிய பிறகு குடைந்து, குடைந்த பள்ளத்தில் வண்ணங்களை நிரப்புவார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிகளின் கப்பல்கள் அவற்றைச் சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள் வழியே ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயின. வாங்கியவர்கள் வழியில் இருந்த ஊரின் பெயரைப் பொருளுக்கு வைத்துவிட்டார்கள். இதே வேலைப்பாட்டுக்கு இங்கிலாந்தில் இன்னொரு பெயரும் இருந்தது, பாண்டம் வேலை. பாண்டம் ஜாவாவில் இருந்த ஒரு துறைமுகம். அதுவும் வழியில் இருந்த ஊர்தான்.

இந்தக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் பழவேற்காடு. 1610-ல் வந்து பண்டகசாலை போட்டார்கள், போர்த்துக்கீசியர் வந்து அடித்தார்கள், 1613-ல் கெல்ட்ரியா கோட்டை எழும்பியது. 1690-ல் தலைமையை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையின் டச்சுக் கணக்குகள் எல்லாம் இங்கிருந்துதான் நடந்தன. துணி வாங்கினார்கள், வெடிமருந்து அரைத்தார்கள், மனிதர்களையும் பிடித்து விற்றார்கள். இன்றைக்குக் கோட்டை ஒரு மேடு, அவ்வளவுதான். கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது.

அந்த டச்சு வணிகத்தில் அதிகம் பேசப்படாத சரக்கு ஒன்று உண்டு: கொம்பரக்கு. சோழமண்டலத்துத் துணியை ஏற்றிக்கொண்டு பெகு நாட்டுக்குப் போகும் கப்பல்கள் திரும்பும்போது மாணிக்கக் கல்லோடும் மர்த்தபான் ஜாடிகளோடும் அரக்கையும் கொண்டுவந்தன. இந்த அரக்கு மரப்பால் இல்லை. ஒரு சின்னப் பூச்சி கிளைகளில் கட்டுகிற கூடு. அதைக் கழுவி உருக்கித் தகடாக இழுத்தால் அவலரக்கு. அதைச் சாராயத்தில் கரைத்தால் நம் ஆசாரிகள் ‘பிரெஞ்ச் பாலிஷ்’ என்று சொல்லும் சரக்கு. (மதுவிலக்குக் காலத்தில் நம் ஊரில் சிலர் வார்னிஷைக் குடித்துச் செத்ததும் அந்தச் சாராயத்துக்காகத்தான்.) சீனத்துப் பளபளப்பைப் பார்த்து மயங்கிய ஐரோப்பியர்களுக்கு அரக்குமரத்தின் பால் கிடைக்கவில்லை. வழியில் கெட்டுப்போகும், தொட்டால் தோல் வெந்துபோகும். அதனால் கிழக்கிலிருந்து வந்த இந்தப் பூச்சியரக்கை வைத்து நகல் எடுத்தார்கள். 1688-ல் ஸ்டாக்கர், பார்க்கர் என்ற இருவர் ஆக்ஸ்ஃபோர்டில் இதற்கென்றே ஒரு கையேடு வெளியிட்டார்கள். அசல் சீனாவுடையது, நகலுக்கான மூலப்பொருள் ஆசியாவுடையது, பெயர் சோழமண்டலத்துடையது.

சரி, அந்தப் பெயருக்குச் சொந்தமான கரையில் இருந்தவர்கள் தங்கள் மரத்துக்கு என்ன பூசினார்கள்?

முதல் பதில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். கட்டுமரத்துக்கு ஒன்றும் பூசவில்லை. வெயில்தான் அதன் பூச்சு. கடலில் போய் வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் போட்டுக் காயவிடுவார்கள். ஊறிய மரம் கனக்கும், மிதக்காது. உள்ளே போன தண்ணீர் வெளியே வந்தாக வேண்டும். அதன் மேல் தோல் போல எதையாவது பூசியிருந்தால் தண்ணீர் ஏதோ ஒரு கீறல் வழியே உள்ளே போயிருக்கும், ஆனால் வெளியே வர வழி இருந்திருக்காது.

பலகைப் படகின் கதை வேறு. மதராஸில் துறைமுகம் கட்டுவதற்கு முன் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்த மசூலாப் படகுகளில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் அடிக்கும்போது ஐரோப்பியப் படகு பிளந்துவிடும், இது நெளிந்து கொடுக்கும். மதராஸ் மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-ல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி ஒரு நீண்ட ஆய்வே எழுதினார். நெளிகிற மரத்துக்குக் கெட்டியான பூச்சு ஒத்துவராது. மரம் அசையும், பூச்சு அசையாது, வெடிக்கும். ஆகவே இந்தியப் பெருங்கடல் முழுக்கத் தையல் படகுகளுக்கு உள்ளே இறங்குகிற எண்ணெய்தான். பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் ஹோர்முஸில் தையல் கப்பல்களைப் பார்த்த மார்க்கோ போலோ, இவற்றுக்குக் கீல் பூசுவதில்லை, மீனெண்ணெய் தேய்க்கிறார்கள் என்று முகம் சுளித்தபடி எழுதி வைத்திருக்கிறார். அந்தப் படகுகளில் ஏறுவதே ஆபத்து என்பது அவர் கருத்து. அவர் வெனிஸ்காரர், அப்படித்தான் சொல்வார்.

மீனெண்ணெய் ஏன்? வீட்டில் இருக்கும் தேங்காயெண்ணெயைத் தேய்த்தால் ஆகாதா?

ஆகாது. எண்ணெய்களில் காய்கிறவை உண்டு, காயாதவை உண்டு. இங்கே ‘காய்வது’ என்றால் தண்ணீர் ஆவியாகிற மாதிரி இல்லை. எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்து, தன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, திரவம் என்ற நிலையை விட்டு வலை மாதிரி இறுகுகிறது. பின்னுவதற்கு மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் வேண்டும். அவை எவ்வளவு இருக்கின்றன என்பதை அயோடின் எண் என்ற அளவால் சொல்வார்கள். தேங்காயெண்ணெய்க்கு அது சுமார் 10. அதனால்தான் வருஷக்கணக்கில் தலையில் தேய்த்தும் நம் முடி வார்னிஷ் ஆகவில்லை. நல்லெண்ணெய்க்கு நூற்றுக்குச் சற்று மேல். ஐரோப்பிய ஓவியர்களும் தச்சர்களும் நம்பிய ஆளி விதை எண்ணெய்க்கு 170-க்கு மேல். மத்தி மீனின் எண்ணெயும் ஏறக்குறைய அதே அளவு. ஆளி விளையாத கரைக்குக் கடல் கொடுத்த ஆளி எண்ணெய் அது. நாற்றம் ஒன்றுதான் குறை, அதுவும் நமக்குத்தான்.

இன்னொரு எண்ணெய் முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து வருவது. முந்திரி மரமே இந்த மண்ணுடையது இல்லை, பதினாறாம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. பருப்பைச் சுற்றியிருக்கும் தோட்டில் கறுத்த, கெட்டியான, தோலைப் பொத்துப்போக வைக்கும் ஒரு திரவம் இருக்கிறது. முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு அதன் உக்கிரம் தெரியும். மரத்தில் பூசினால் உள்ளே இறங்கி இறுகும். தண்ணீரை அண்டவிடாது, பூச்சியும் சீக்கிரம் கிட்டே வராது. கிழக்குக் கரையிலும் கேரளத்திலும் மரப்படகு வைத்திருந்தவர்களுக்கு இது பழகிய சரக்கு.

கோரமண்டல் தடுப்புகளின் பளபளப்புக்குக் காரணமான சீன அரக்குமரமும் முந்திரி மரமும் ஒரே குடும்பம். மாமரம், வண்ணான் துணியில் குறி போடுகிற சேங்கொட்டை எல்லாம் அந்த வகையறாதான். அரக்குமரப் பாலில் இருக்கும் உருஷியோல், முந்திரித் தோட்டு எண்ணெயின் கார்டனால் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே உடலமைப்பு. பென்சீன் வளையம் ஒரு தலை, பதினைந்து கார்பன் அணுக்கள் ஒரு வால். இரண்டுமே தோலைக் கொப்புளிக்க வைப்பதற்கும் காரணம் இந்த உறவுதான். சீன அரசவைத் தடுப்பும் இந்தக் கரையில் முந்திரி எண்ணெய் பூசிய படகும் வேதியியலில் பங்காளிகள். சும்மா கற்பனைக்குச் சொல்லவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஜப்பானியர்கள் தங்கள் பாரம்பரிய அரக்குக்கு மலிவான மாற்றுத் தேடியபோது முந்திரித் தோட்டு எண்ணெயிலிருந்துதான் ஒன்றைச் செய்தார்கள். அதன் பெயரே காஷ்யூ.

ஆக, மரத்தைக் காப்பதற்கு இரண்டு வழி. மேலே தோல் போர்த்துவது ஒன்று, உள்ளே இறங்கி ஊறுவது மற்றொன்று. தோல் அழகு, கெட்டி. ஆனால் உடைந்தால் மொத்தமாகச் சுரண்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். எண்ணெய் மங்கல், அடிக்கடி வேலை வைக்கும்; ஆனால் எங்கே தேய்ந்ததோ அங்கே மட்டும் ஒரு துணியால் தேய்த்தால் போதும், வீட்டுப் பிள்ளைகூடச் செய்துவிடும்.

இந்த இரண்டையும் ஒரே டப்பாவுக்குள் போடத்தான் ஐரோப்பிய வார்னிஷ்காரர்கள் முந்நூறு ஆண்டுகளாகக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஆளி எண்ணெயோடு குங்கிலியம் மாதிரியான பிசினைச் சேர்த்துக் கொதிக்கவிடுவது. எண்ணெய் நெகிழ்வைக் கொடுக்கும், பிசின் கெட்டியைக் கொடுக்கும். 1937-ல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயர் என்ற வேதியியலாளரின் குழு பாலியூரித்தேனைக் கண்டுபிடித்தது. மெத்தை நுரை, செருப்பின் அடி, ஃப்ரிட்ஜ் சுவர் என்று அது போகாத இடமில்லை. போருக்குப் பிறகு அதை மரத்துக்கும் கொண்டுவந்தார்கள். ஆளி, சோயா மாதிரி காய்கிற எண்ணெயை முதலில் வேதியியல் முறையில் உடைத்து, ஐசோசயனேட்டால் மறுபடி தைத்தார்கள். அதுதான் எண்ணெய் அடிப்படையிலான பாலியூரித்தேன். பிசினின் இடத்தில் யூரித்தேன் பிணைப்பு, மற்றபடி அதே பழைய எண்ணெய். டப்பாவைத் திறந்து பூசிய பின் அது காய்வதும் மீனெண்ணெய் காய்கிற அதே வழியில்தான், காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து. ஐசோசயனேட் என்றதும் போபால் நினைவுக்கு வரும். அது வேறு வகை. ஒற்றை டப்பா வார்னிஷில் அந்த வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. கவலைப்பட வேண்டியது ஹார்டனர் தனியாக வரும் இரட்டை டப்பா பி.யூ.வை முகக்கவசம் இல்லாமல் ஸ்ப்ரே அடிக்கும் பையன்களைப் பற்றி. அவர்களுக்கு ஆஸ்துமா வருவது உண்மையான ஆபத்து.

இனி ஏரிக்கரைக்குத் திரும்பலாம். சென்னையில் அலுவலகம் வைத்திருந்த வங்காள விரிகுடா திட்டத்தினர் 1980-களிலேயே கண்ணாடியிழைப் படகுகளைக் கடற்கரைகளில் சோதித்தார்கள். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் அவைதான். கண்ணாடியிழைப் படகுக்கு எண்ணெய் வேண்டாம், கட்டவிழ்த்துக் காயப்போட வேண்டாம். அது முழுக்க முழுக்கத் தோல், உள்ளே மரமே இல்லை. மீனவருக்கு அது விடுதலை. மரப்படகின் மேல் ஏக்கம் கொண்டு கவிதை எழுதுகிறவர்கள் ஒரு நாள் அதைத் தள்ளிப் பார்க்க வேண்டும். ஆனால் படகை விட்டுப் போன மரம் வீட்டுக்குள் வந்திருக்கிறது. ஓலை வீடு இருந்த இடத்தில் கான்கிரீட் வீடு, அதில் நிலை, கதவு, ஜன்னல், அலமாரி, சாமி மாடம். பூச்சு பற்றிய கேள்வியும் கூடவே வந்துவிட்டது. இப்போது பதில் சொல்வது பெயின்ட் கடை.

கடை சொல்வது பெரும்பாலும் பளபளப்பை. எது ரொம்ப மின்னுகிறதோ அது உசத்தி. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல் இருக்கும் குப்பத்து வீட்டில் கதவுக்கு மேலே மட்டும் பளபளவென்று பூசினால் என்ன ஆகும் என்பது கார்த்திகையில் தெரியும். மரம் ஈரத்தை இழுத்து உப்பும், பங்குனியில் சுருங்கும். ஒரு கோடையும் ஒரு மழையும் போனால் விளிம்பில் கொப்புளம், பிறகு செதில் செதிலாக உரியும். ஒரு கதவுக்கு ஆசாரிக்கும் டப்பாவுக்கும் கொடுத்தது சில நாள் பாட்டுக் காசு. மறுபடி அவரைக் கூப்பிடாமல் அந்த வீட்டில் யாராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

ஆகவே என் தேர்வு: வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கு எண்ணெய் பாலியூரித்தேன் நல்லது, அதை எண்ணெயாக மதித்துப் பூசினால். கொஞ்சம் மஞ்சள் பூசும், அது வேம்புக்கும் பூவரசுக்கும் அழகாகத்தான் இருக்கும். தண்ணீர் அடிப்படையிலானது நிறம் மாற்றாது, சீக்கிரம் காயும், வாடை குறைவு. ஆனால் தண்ணீர் பட்டுக்கொண்டே இருக்கும் சமையல் மேடைக்கும் கை படும் கதவுக்கும் எண்ணெய் வகை தாங்குவது அதிகம். வெயில் நேராக விழும் வாசல் கதவின் வெளிப்பக்கத்துக்கு உள்ளறை டப்பா உதவாது. புற ஊதாக் கதிர் அதைச் சிதைத்துவிடும். வெளிப்பக்கத்துக்கென்றே தயாரிக்கும் வகை வேறு.

மழைக்காலத்தில் பூசக்கூடாது. சீன அரக்கு ஈரக் காற்றில்தான் இறுகும், அதற்கென்று ஈர அறையே கட்டுவார்கள். இது நேர் எதிர். ஈரக் காற்றில் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். மாசி, பங்குனி நல்ல மாதங்கள். காலைப் பனி போன பிறகு ஆரம்பித்து மாலை ஈரம் இறங்கும் முன் முடித்துவிட வேண்டும். கத்திரி வெயிலில் மேல்பக்கம் மட்டும் சட்டென்று இறுகி உள்ளே குமிழ் கட்டும். பூசுவதற்கு முன் மரத்தை நல்ல தண்ணீர் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, முழுக்கக் காயவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத உப்பு மேலே இருக்கும். உப்பு ஈரத்தை இழுக்கும், பூச்சு பிடிக்காது. பிறகுதான் உப்புத்தாள். (உப்புக்காற்று ஊரில் தேய்ப்புத் தாளுக்கு உப்புத்தாள் என்று பெயர்.) தேக்காக இருந்தால் தின்னரால் ஒரு முறை துடைத்துவிட வேண்டும், அதன் சொந்த எண்ணெய் இந்த எண்ணெயைக் காயவிடாது.

டப்பாவைக் குலுக்காதீங்க, கலக்குங்க. குலுக்கினால் காற்றுக் குமிழ் உள்ளே போய் மேலே பருக்களாக உட்காரும். முதல் பூச்சில் பத்தில் ஒரு பங்கு தின்னர் சேர்த்து மெலிதாக, மரத்துக்குள் இறங்கும்படி. பத்தாண்டு உழைக்கிற கதவுக்கும் ஒரே வருஷத்தில் உரிகிற கதவுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இந்த முதல் பூச்சில்தான். பிறகு ஒரு நாள் இடைவெளி, 320 எண் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய், தூசி துடைத்து அடுத்த பூச்சு, மறுபடி அதே மாதிரி மூன்றாவது. தடியாக ஒரே பூச்சில் முடிக்கலாம் என்பது சோம்பல். கதவின் தலையையும் காலையும் யாரும் பூசுவதில்லை, கண்ணுக்குத் தெரியாது என்பதால். நாளங்கள் திறந்திருப்பது அங்கேதான். வைக்கோல் கட்டு தண்ணீர் குடிக்கிற மாதிரி ஈரம் அங்கேதான் ஏறும். கதவைக் கழற்றி, ஆறு பக்கமும் பூசி, பிறகு மாட்ட வேண்டும். தொட்டால் ஒட்டாமல் போக ஒரு நாள் போதும். முழுக்க இறுக மூன்று நான்கு வாரம் ஆகும், அதுவரை ஈரத்துணியும் சூடான பாத்திரமும் வேண்டாம். துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டால் அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கும். எண்ணெய் ஆக்சிஜனை இழுக்கும்போது வெளிவிடும் சூடு அது. விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வைக்க வேண்டும்.

கடைசியாக ஒரு சிக்கல். பழைய படகுப் பலகையை வீட்டில் தட்டாகவோ பரணாகவோ போட்டிருப்பவர்கள் உண்டு. நல்ல மரம், எத்தனையோ வருஷம் கடல் கண்டது. ஆனால் அதன் நாளங்களில் பழைய மீனெண்ணெய் ஊறிப் போயிருக்கும். நேராக எந்த பாலியூரித்தேன் பூசினாலும் அங்கங்கே காயாமல் ஒட்டும், மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும். இதற்குத் தச்சர்கள் கண்ட வழி, நடுவில் ஒரு திரை போடுவது. முதலில் தின்னரால் துடைத்து, மெழுகு நீக்கிய அவலரக்கைச் சாராயத்தில் கரைத்து மெலிதாக ஒரு பூச்சு. மெழுகு நீக்கியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மேலே வருவது பிடிக்காது. அது கீழே எண்ணெயையும் பிடிக்கும், மேலே பாலியூரித்தேனையும் பிடிக்கும். காய ஒரு மணி நேரம் போதும். அதன் மேல் மூன்று பூச்சு பாலியூரித்தேன். அந்தத் தட்டில் அடியில் மீனெண்ணெய், நடுவில் ஒரு காலத்தில் டச்சுக்காரர்கள் பெகுவிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்த அந்த அரக்கு, மேலே லெவர்குசனின் வேதியியல். மின்னாமல் இருக்க வேண்டுமென்றால் கடைசிப் பூச்சுக்கு மட்டும் ‘சாட்டின்’ வகை வாங்குங்கள், அடியில் தங்கியிருக்கும் வெள்ளை மாவை நன்றாகக் கலக்கிவிட்டு.